கட்டாரியின் வயதைக் கற்சிற்பம் சொல்லுமா?

பழைய சடங்கு ஆயுதம் ஒன்றின் காலத்தை அதன் வடிவத்தைக் கொண்டே சொல்லிவிடலாம் என்னும் கருத்து, தென்னிந்திய வாள்களையும் கட்டாரிகளையும் சேகரிப்போரிடமும் விற்போரிடமும், ஓரளவு அருங்காட்சியகப் பெயர்ப்பலகைகளிலும், விவாதத்துக்கு அப்பாற்பட்ட முடிவுபோல வேரூன்றிவிட்டது. இக்கருத்தின்படி, பிடியில் யாளி உருவம் கொண்ட ஒரு கட்டாரி கிடைத்தால், அதையொத்த யாளி எந்த நூற்றாண்டுக் கோயில் தூணில் செதுக்கப்பட்டிருக்கிறதோ அந்த நூற்றாண்டே கட்டாரிக்கும் உரியது. இவ்வகை ஒப்பீட்டுக்குக் காஞ்சிபுரம் வாகான ஊர். அங்கு வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில், குதிரைமேலும் யாளிமேலும் ஏறி வாளும் வேலும் ஓங்கிய வீரர்கள் தூணுக்குத் தூண் நிற்கிறார்கள். மண்டபம் விசயநகரக் காலத்தது என்பதால், அவர்கள் கையிலுள்ளதைப் போன்ற அலகு எங்கே கிடைத்தாலும் ‘விசயநகரக் காலம், 16ஆம் நூற்றாண்டு’ என்று சீட்டு எழுதி ஒட்டுவதில் யாருக்கும் தயக்கம் இருப்பதில்லை. அந்தச் சீட்டு ஏன் பெரும்பாலும் செல்லாதது என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் வழக்கு.

முதலில் எதிர்த்தரப்புக்கு உரிய நியாயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். எகர்டன் பிரபு 1880இல் வெளியிட்ட இந்திய ஆயுதக் கையேடு முதல் நெடுங்காலமாக, இந்திய ஆயுதம் என்றாலே வடநாட்டு அரசவைகளின் வாள் என்ற பார்வையே ஓங்கியிருந்தது. தென்னாட்டு ஆயுதங்களுக்கெனத் தனி வரலாறு உண்டு என்பதைக் கோயில் சிற்பங்களை முன்வைத்து விரிவாகப் பேசிய ராபர்ட் எல்குட்டின் நூல் 2004இல்தான் வந்தது. அந்த உழைப்பின் பயனை மறுப்பதற்கில்லை. தூணில் கட்டாரி செதுக்கப்பட்டிருந்தால், தூண் எழுந்த நாளில் கட்டாரி என்னும் வடிவம் இருந்தது என்பது உறுதி. ஆனால் அது சொல்வது தொடக்க எல்லையை மட்டுமே. ‘இக்காலத்துக்குள் இவ்வடிவம் தோன்றிவிட்டது’ என்ற செய்தியை ‘இவ்வடிவம் கொண்ட பொருள் எல்லாம் இக்காலத்தவை’ என்று புரட்டுவதில்தான் பிழை நுழைகிறது. கட்டாரி என்பது, இணையாக நீண்ட இரு கம்பிகளுக்கு நடுவே குறுக்குப் பிடி அமைத்து, முட்டியை மடக்கிப் பிடித்து நேராகக் குத்துவதற்கான ஆயுதம். 14ஆம் நூற்றாண்டில் வட இந்தியாவில் பயணம் செய்த இபின் பதூதா, கையை உள்ளே நுழைத்துப் பிடிக்கும், முன்கையை மூடும் இத்தகைய ஆயுதத்தைப் பெயர் சொல்லியே வருணித்திருக்கிறார். அதே அமைப்பிலான கட்டாரிகள் 19ஆம் நூற்றாண்டிலும் செய்யப்பட்டன. ஐந்நூறு ஆண்டு மாறாமல் நின்ற வடிவம் ஒரு நூற்றாண்டைச் சுட்டும் என்று எதிர்பார்ப்பது எப்படிப் பொருந்தும்?

இனி, சாட்சி சொல்ல அழைக்கப்படும் சிற்பங்களையே கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்யலாம். காஞ்சிபுரத்தின் பல்லவர் கோயில்களான கைலாசநாதர் கோயிலும் வைகுண்டப் பெருமாள் கோயிலும் மணற்கல்லால் ஆனவை. இரண்டாம் நந்திவர்மன் காலத்தில், 8ஆம் நூற்றாண்டில் எழுந்த வைகுண்டப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் பல்லவர் வரலாறு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. போர்க்களங்களும் முடிசூட்டு விழாக்களும் வாளேந்திய காவலர்களும் அதில் உண்டு. சி. மீனாட்சி இச்சிற்பங்களை ஆராய்ந்து எழுதிய நூல் 1941இல் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது. ஆயுத ஆர்வலர்கள் இங்கிருந்து பல்லவர் வாளின் வடிவத்தை எடுத்துக்கொள்ள விரும்புவது இயல்பே. ஆனால் மணற்கல் பொரியும். பொரிந்த இடத்தில் அலகின் விளிம்பு எது, தேய்வு எது என்று பிரிப்பது கடினம். கைலாசநாதர் கோயிலிலோ சிக்கல் இன்னும் ஆழமானது. அங்குள்ள உருவங்கள் பலவற்றின்மேல் பிற்காலத்தில் சுதை பூசித் திருத்தியிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சாந்தால் ஆன அந்தப் பூச்சு ஓரிடத்தில் உதிர்ந்து கல் தெரிய, அடுத்த இடத்தில் கெட்டியாக ஒட்டியிருக்கிறது. அங்கே கையில் தெரியும் வாளின் வளைவு பல்லவச் சிற்பியின் உளி கண்டதா, பல நூற்றாண்டுக்குப் பின் வந்த சுதை வேலைக்காரரின் கரண்டி கண்டதா என்று கேட்காமல் அந்த வளைவைக் காலக்கணக்கில் சேர்ப்பது முறையன்று. சிற்பத்துக்கே இரண்டு மூன்று காலங்கள் இருக்கும்போது, அதைக் கொண்டு அளக்கப்படும் இரும்புக்கு ஒரே காலம் எங்கிருந்து வரும்?

வரதராசர் மண்டபம் கருங்கல்லால் ஆனது என்பதால் இந்தக் குறை அங்கே இல்லை என்று சொல்லக்கூடும். அங்குள்ள குறை வேறு. கருங்கல்லில் மெல்லிய அலகைத் தனியே நீட்டிச் செதுக்கினால் அது நிற்காது. ஆகவே சிற்பி அலகைத் தடிப்பாக்குகிறார், குதிரையின் கழுத்தோடோ வீரனின் தோளோடோ சேர்த்துவைக்கிறார், இடத்துக்கேற்ப நீளத்தைக் குறைக்கிறார். சேகரிப்பாளர் அளவுகோல் வைத்து ஒப்பிடும் அகலமும் வளைவும் பல சமயம் கல்லின் கட்டாயத்தால் வந்தவை. அதோடு, தெய்வங்களின் கையில் உள்ள ஆயுதங்களைச் சிற்பி பட்டறையைப் பார்த்துச் செதுக்குவதில்லை. சிற்ப நூல் விதித்த இலக்கணப்படி செதுக்குகிறார். காளியின் கையிலுள்ள வாள் எந்த அரசனின் படையிலும் வழங்காத வாளாகவும் இருக்கலாம்.

இம்முறையின் ஆழமான குறை, ஆயுதத்தை ஒரே பொருளாகக் கருதுவதில் இருக்கிறது. தஞ்சாவூர் அரண்மனைக் கட்டாரிகளை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். உலகச் சந்தையில் தென்னிந்தியச் சடங்கு ஆயுதம் என்றதும் முதலில் நினைவுக்கு வருபவை இவையே. புறங்கையை மூடும்படி பாய்மரம்போல வளைந்து எழும் இரும்புக் கைக்காப்பு, அதில் துளையிட்டுச் செதுக்கிய யாளியும் கொடியும், காப்பின் நுனியில் வாய் பிளந்த விலங்குத் தலை என்று இவற்றின் வேலைப்பாடு கண்ணைப் பறிக்கும். ஆனால் அலகைத் திருப்பிப் பார்த்தால், இவற்றுள் பலவற்றில் நீளவாட்டில் வரிப்பள்ளம் ஓடும் ஐரோப்பிய வாளலகு, வேண்டிய அளவுக்கு வெட்டப்பட்டு, பிடியிலிருந்து இறங்கும் இரண்டு இரும்புப் பட்டைகளுக்கு நடுவே செருகப்பட்டு, ஆணியறைந்து இறுக்கப்பட்டிருப்பது தெரியும். போர்த்துகீசியர் 1498இல் வந்தபின் மேற்கிலிருந்து அலகுகள் பெருமளவில் இறங்கின, உடைந்தவையும் வீணாகவில்லை. ஆக, ஒரே கட்டாரியில் ஐரோப்பாவில் அடிக்கப்பட்ட அலகின் காலம், தஞ்சையில் வார்க்கப்பட்ட அல்லது செதுக்கப்பட்ட பிடியின் காலம், இரண்டையும் சேர்த்து ஆணியறைந்த காலம் என்று குறைந்தது மூன்று காலங்கள் இருக்கின்றன. அலகு தேய்ந்து மாற்றப்பட்டிருந்தால் நான்கு. பிடியிலுள்ள யாளியைப் பார்த்து மொத்தத்துக்கும் ஒரு நூற்றாண்டைக் கொடுப்பவர் இவற்றில் எதைச் சொல்கிறார் என்று அவருக்கே தெரியாது.

அலகிலுள்ள முத்திரை காப்பாற்றும் என்று நம்புவோரும் உண்டு. ஓடும் ஓநாய் உருவம் ஜெர்மனியின் பசாவ் நகரக் கொல்லர்களின் அடையாளமாகத் தொடங்கி, பின்னர் சோலிங்கன் கொல்லர்களால் தாராளமாக எடுத்தாளப்பட்டது. ஆந்திரேயா பெராரா என்னும் இத்தாலியக் கொல்லரின் பெயரோ, அவர் இறந்து தலைமுறைகள் கழிந்த பிறகும் தரத்தின் முத்திரைபோல அலகுகளில் பொறிக்கப்பட்டு வந்தது. இந்தியக் கொல்லர்களும் இத்தகைய குறிகளைப் பார்த்துப் பொறித்ததுண்டு. முத்திரையும் ‘இதற்கு முன் அல்ல’ என்றுதான் சொல்லும். ‘இந்த ஆண்டு’ என்று சொல்லாது.

காஞ்சிபுரத்தில் எந்த நெசவாளரும் புடவையின் வயதைக் கரையிலுள்ள உருவத்தை வைத்துச் சொல்லமாட்டார். கோபுரக் கரையும் யாளியும் அன்னமும் தலைமுறை தலைமுறையாகத் தறியில் ஏறுகின்றன. போன வாரம் அறுத்த புடவையிலும் அவை இருக்கும். வயது கேட்டால் அவர் புடவையைத் திருப்புவார். உடலும் கரையும் கோர்வையாக இணைக்கப்பட்டிருக்கின்றனவா, முந்தி பிட்னி என்னும் இணைப்பு முறையில் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். சரிகையைப் பிரித்து, சிவப்புப் பட்டிழையின்மேல் வெள்ளிக் கம்பி சுற்றிப் பொன்முலாம் பூசியதா, செயற்கை இழையின்மேல் சுற்றிய பிற்காலப் போலியா என்று உரசிப் பார்ப்பார். அந்த ஊரின் சாதாரணத் தொழிலறிவாக இருப்பது, அதே ஊரின் மண்டபத்தைச் சான்று காட்டும் ஆயுத வல்லுநர்களிடம் இல்லாதது வேடிக்கைதான்.

இந்த மயக்கம் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஜாவாத் தீவின் கிரிஸ் என்னும் சடங்குக் குத்துவாளைச் சேகரிப்போரிடம், ‘தங்கு’ என்ற பெயரில் ஒரு காலவரிசை முறை நெடுநாளாக வழங்குகிறது. அலகின் சாய்வு, வளைவு, இரும்பின் நிறம், அடுக்கடுக்காக அடித்த உலோகத்தின் கோலம் ஆகியவற்றைப் பார்த்து இது பஜாஜரான் காலத்தது, இது மஜபாகித்து காலத்தது, இது மத்தராம் காலத்தது என்று ஒவ்வோர் அரசின் பெயரையும் அலகுக்குச் சூட்டுவது அம்முறை. அது ஒரு பாணியின் பெயர் என்று கொள்ளும்வரை குறையில்லை. ஆண்டுக் கணக்கு என்று கொள்ளும்போதுதான் தடுமாறுகிறது. ஏனெனில் ஜாவாவில் புகழ்பெற்ற குலச்சொத்தான கிரிஸ் ஒன்றைப் பார்த்து அதே இலக்கணத்தில் மறுபடி அடித்துக்கொள்வது போலியாகக் கருதப்படவில்லை. அத்தகைய படிகளுக்கு ‘மகவு’ என்று பொருள்படும் புத்ரான் என்ற பெயரே உண்டு. உறையும் பிடியும் உடையவரின் தகுதிக்கேற்ப மாறிக்கொண்டே இருந்தன. காலம் பொறிக்கப்பட்டதாக அறியப்படும் மிகப் பழைய கிரிஸ், ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் உள்ள க்னாவுட் கிரிஸ். அதில் சக ஆண்டு 1264, அதாவது கி.பி. 1342 காட்டப்பட்டிருக்கிறது. வடிவத்தைப் பார்த்து மஜபாகித்து என்று அழைக்கப்படும் அலகுகளின் கூட்டத்துக்கு முன், ஆண்டு தாங்கியவை எத்தனை அருமை என்பதை அந்த ஒன்றே காட்டுகிறது.

துருவும் தேய்வும் பழமையின் சான்றுகள் என்ற வாதத்தையும் ஜாவாவே உடைத்துவிடுகிறது. அங்கே சுரோ மாதத்தில் குலச்சொத்தான அலகுகளை நீராட்டி, எலுமிச்சைச் சாற்றில் கலந்த பாஷாணம் தடவிக் கோலத்தைத் துலக்குவது சடங்கு. ஒவ்வொரு நீராட்டிலும் இரும்பு கொஞ்சம் கரையும். ஆகவே மெலிந்த அலகு பழைய அலகாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பக்தியோடு பேணப்பட்ட அலகாகவும் இருக்கலாம். தமிழ்நாட்டிலும் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கப்பட்ட ஆயுதம் சீக்கிரம் தேய்கிறது. கடற்காற்றுப் படும் ஊரில் கவனிப்பின்றிக் கிடந்த ஆயுதம் பத்து ஆண்டிலேயே நூறாண்டுத் துரு ஏறி நிற்கிறது. கருப்பசாமி கோயில்களில் நேர்ந்துகொண்டு நட்டுவைக்கப்படும் அரிவாள்கள் மழையிலும் வெயிலிலும் சில ஆண்டுகள் நின்றால் போதும், பார்வைக்குத் தொல்பொருளாகிவிடும்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும்: கோயிலில் சடங்குக்குரிய ஆயுதம் பழையதாகவே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? சிவன் கோயில் திருவிழாவின் முடிவில் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் அஸ்திரதேவர் என்னும் திரிசூலமும், பெருமாள் கோயில்களில் குளத்தில் முழுக்காடும் சக்கரத்தாழ்வாரும் வழிபடப்படும் ஆயுதங்கள். பழுதுற்ற உலோகத் திருமேனியை உருக்கி மறுபடி வார்ப்பதற்கு ஆகம மரபில் வழி உண்டு. கோயிலுக்கு முக்கியம் அந்த இடத்தில் அந்த ஆயுதம் குறைவின்றி இருப்பது. அதன் உலோகம் எந்த நூற்றாண்டில் உருகியது என்பதன்று. வரதராசர் கோயிலில் ராபர்ட் கிளைவ் கொடுத்ததாகக் கோயில் மரபு சொல்லும் மகரகண்டி என்னும் கழுத்தணி இன்றும் போற்றப்படுகிறது. அதன் காலத்தை 18ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுவருவது கொடுத்தவர் பெயர். மகர உருவத்தை மட்டும் வைத்துக் காலம் கணித்தால், அது எந்தச் சோழன் காலத்துக்கும் போய்விடக்கூடும்.

‘சடங்கு ஆயுதம்’ என்ற வகைப்பாடே காலத்தால் விளைந்தது என்பதும் கவனிக்கப்படுவதில்லை. பாளையக்காரர் போர்கள் ஓய்ந்த 1801 டிசம்பரில், சென்னை ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவ் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்து அறிக்கை விட்டார். 1878இல் நாடு முழுமைக்குமான ஆயுதச் சட்டம் வந்தது. போருக்கென்று அடிக்கப்பட்டுத் தப்பிப் பிழைத்த அலகுகள் பூசையறைக்கும் விசயதசமிக்கும் உரியவையாக மாறியதில் இச்சட்டங்களுக்குப் பங்கு உண்டு. மறுபுறம், 1851 இலண்டன் கண்காட்சியும் 1875–76இல் வேல்ஸ் இளவரசரின் இந்தியப் பயணமும் பொன் இழைத்த ஆயுதங்களுக்குப் புதிய தேவையை உண்டாக்கின. வெட்டுவதற்கு உதவாத, காட்சிக்கு மட்டுமே ஆன வாள்கள் அக்காலத்தில் பரிசுக்கென்றே செய்யப்பட்டன. அலங்காரம் மிகுந்தது மூத்தது என்ற சேகரிப்பாளர் நம்பிக்கை, ஆகவே, பல சமயம் தலைகீழாக இருக்கிறது.

வல்லுநரின் கண் இருக்கிறதே என்பது கடைசிப் புகலிடம். பல்லாயிரம் ஆயுதங்களைக் கையில் எடுத்துப் பார்த்த கண்ணுக்கு மதிப்புண்டு. அது ஒட்டுவேலையைக் கண்டுபிடிக்கும், புதுச் செதுக்கலைக் கண்டுபிடிக்கும். ஆனால் அந்தக் கண் பழகியது எவற்றில்? முன்பு வேறொரு கண் 17ஆம் நூற்றாண்டு என்று சொன்னவற்றில். அந்தக் கண்ணும் அதற்கு முன் ஒரு பட்டியலைப் பார்த்தது. ஏதோ ஓரிடத்தில் ஆண்டு பொறித்த ஆயுதமோ, நாள் தெரிந்த ஆவணமோ, அகழாய்வில் மண்ணடுக்கோடு கிடைத்த அலகோ நங்கூரமாக நின்றாலொழிய, இந்தச் சங்கிலி தன்னையே சுற்றி வரும்.

மண்ணடுக்கின் அருமைக்குத் தமிழ்நாட்டிலேயே அண்மைச் சான்று உண்டு. மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இலும், சிவகளையில் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டுவரை செல்வதாக 2025 ஜனவரியிலும் அறிவிக்கப்பட்டபோது, அந்த ஆண்டுகளைத் தந்தவை இரும்புப் பொருளின் வடிவங்கள் அல்ல. அவற்றோடு கிடைத்த கரியும் பானை ஓடும் போன்றவை. அம்முடிவுகளைப் பற்றிய விவாதமும், இரும்புக்கும் கரிக்கும் உள்ள உறவு எவ்வளவு உறுதியானது என்பதைச் சுற்றியே நடக்க முடியும். அதாவது விவாதிக்க ஏதோ ஒன்று கையில் இருக்கிறது. வீட்டுப் பரணிலிருந்து தரகர் வழியாகக் கடைக்கு வந்த கட்டாரிக்கு அந்த உறவே அறுந்துவிட்டது.

உலோகத்தையே கேட்கலாம், அதுவும் பெரும்பாலும் மறுப்பதற்கே உதவும். மரக்கரியில் உருக்கிய இரும்பில் அந்த மரத்தின் கரிமம் தங்கியிருப்பதால், கதிரியக்கக் கரிமக் கணிப்பு இரும்புக்கும் பொருந்தும் என்பதை நிக்கோலாஸ் வான் டெர் மெர்வ 1969இல் நூலாகவே எழுதினார். சேலம் வட்டாரத்தில் மண்குகையில் இட்டு உருக்கிய உருக்கில் கரிமம் மிகுதி என்பதால் அதற்கு இது இன்னும் வாகானது. ஆனால் பழைய இரும்பும் புதிய இரும்பும் சேர்த்து அடித்த அலகு இரண்டுக்கும் இடைப்பட்ட, எப்போதும் நடந்திராத ஓர் ஆண்டைக் காட்டும். நிலக்கரியில் உருக்கிய இரும்போ பல்லாயிரம் ஆண்டு மூப்பைக் காட்டிச் சிரிக்க வைக்கும். பெசமர் 1856இல் உரிமம் பெற்ற முறையில் வடித்த உருக்கில் பழைய உலை இரும்பின் கசடுக் கீற்றுகள் இருப்பதில்லை. நுண்ணோக்கியில் அந்தக் கீற்றுகள் இல்லாமல் ஒரே சீராகவும், மாங்கனீசு மிகுந்தும் தெரியும் அலகுக்கு 16ஆம் நூற்றாண்டுச் சீட்டு எழுதியவர் அதைக் கிழித்துவிடலாம்.

ஆவணம்தான் மிகவும் பேசக்கூடியது. அதைத்தான் இந்த வடிவ மோகம் அலட்சியப்படுத்துகிறது. தஞ்சையின் கடைசி மராட்டிய அரசர் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்து, அரசு கும்பினியின் வசமானபின், அரண்மனை ஆயுதச்சாலை கலைக்கப்பட்டது. சிறந்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின, மற்றவை விற்கப்பட்டன, எஞ்சிய திரளான ஆயுதங்கள் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாகப் போயின. எம். ஜே. வால்ஹவுஸ் இந்தச் சேதத்தைப் பற்றி 1878இல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் எழுதினார். விற்றவற்றுள் சில கண்டம் தாண்டின; ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் என்ற சேகரிப்பாளர் 1935இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு விட்டுச்சென்ற தொகுப்பிலும் தஞ்சைக் கட்டாரிகள் இருக்கின்றன. இந்தக் கலைப்பு தரும் எல்லை உறுதியானது: அந்தச் சாலையிலிருந்து வந்தது என்று காட்டப்பட்ட எந்த ஆயுதமும் 1855க்குப் பிறகு அங்கே சேர்ந்திருக்க வழியில்லை. நாயக்கர் ஆட்சி 1673இல் முடிந்து மராட்டியர் வந்தபோதும் அதே சாலையும் அதே கொல்லர் குடும்பங்களும் தொடர்ந்திருக்கலாம் என்பதால், யாளி இருந்தால் நாயக்கர், இல்லாவிட்டால் மராட்டியர் என்ற எளிய பிரிப்பு நிற்காது.

விலைதான் இத்தனைக்கும் பின்னே நிற்கிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருள் தொல்பொருள். தனியார் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. ஆகவே ஒரே அலகு வாங்குபவரிடம் விசயநகரக் காலத்ததாகவும், தொல்பொருள் அன்று என்ற சான்றிதழ் கேட்கும் மேசையில் நேற்றையதாகவும் வயது மாறிக்கொள்ள வசதி இருக்கிறது. வடிவத்தை மட்டும் சான்றாகக் கொண்ட காலக்கணிப்பு இந்த வசதிக்கு நன்றாக ஒத்துழைக்கிறது. ஏனெனில் அதைச் சரிபார்க்க வழியில்லை, எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அது பதில் கேட்பதுமில்லை. கோயிலிலிருந்து களவுபோனதா என்று அறிய உதவும் ஒரே இழை அந்தக் கேள்விதான்.

நேர்மையான சீட்டு வேறு மாதிரி இருக்கும். அலகு: ஐரோப்பியது, வெட்டிக் குறுக்கப்பட்டது, 17ஆம் நூற்றாண்டோ அதற்குப் பின்னரோ. பிடி: தஞ்சை வேலை, 1855க்கு முன். இணைப்பு: ஆணிகளில் இரண்டு பிற்காலத்தவை. வந்த வழி: இன்ன ஆண்டு இன்ன பதிவேட்டில் இன்ன எண். இப்படி எழுதப்பட்ட சீட்டுக்கு ஏலத்தில் ‘16ஆம் நூற்றாண்டு விசயநகரச் சடங்குக் கட்டாரி’ அளவுக்கு விலை கிடைக்காது என்பது உண்மை. ஆனால் சென்னையில் இருக்கும் தொகுதியின் கைக்காப்புத் தடிப்பையும் ஆணியிட்ட முறையையும் சிதறிப்போன தஞ்சை ஆயுதங்களோடு வரிசையாக ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இத்தகைய சீட்டுகளே உதவும். யாளியின் வாயை அளந்து எழுதிய சீட்டுகளால் அந்த வேலையைத் தொடங்கவும் முடியாது.